இன்டர்நெட்டில் யோசனை கேட்கிறீர்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் என்ன செய்கிறார்கள்? படம் பார்க்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுடன் வீடியோவில் பேசுகிறார்கள். இரண்டாவது மாதம் ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்துவிடுகிறார்கள். சமையலுக்கு ஒரு குழு, மாடித்தோட்டத்திற்கு ஒரு குழு, முடி உதிர்வதற்கு ஒரு குழு. "எனக்கு இப்படி இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று முகம் தெரியாத பல்லாயிரம் பேரிடம் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் அம்மாவும் அப்படித்தான். எனக்குக் கிடைத்தது நல்ல இட்லி. அம்மாவுக்குக் கிடைத்தது தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைப் படுக்கை. இரண்டையும் சொல்கிறேன்.

என் சொந்த ஊர் வேளாங்கண்ணி. 2019-ல் இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பெங்களூரில் சாப்ட்வேர் வேலைக்குப் போனேன். அப்பா ஊரில் எட்டு அறைகள் கொண்ட சிறிய லாட்ஜ் நடத்துகிறார். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை அறை கேட்டு வரும் கூட்டத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சமாளிக்க முடியாமல்தான் வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்தது. பகலில் அது அப்பாவுடையது. மாலையில் அம்மாவுடையது. (எங்கள் லாட்ஜைப் பற்றி யாரோ "அறையிலிருந்து கடல் தெரியும்" என்று ஒரு தளத்தில் எழுதியிருக்கிறார்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் தெரியும். இன்டர்நெட்டில் படிப்பதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு வீட்டிலேயே உதாரணம் இருந்தும் நாங்கள் கவனிக்கவில்லை.)

முதலில் இட்லி. வேளாங்கண்ணியில் மாலையில் மாவு அரைத்து வைத்தால் நடு இரவில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். பெங்களூர் டிசம்பரில் அதே அளவு அரிசி, அதே அளவு உளுந்து, விடிந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். நான்கு நாள் தட்டையான இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு சமையல் குழுவில் கேட்டேன். பதில்கள் வந்து குவிந்தன. உளுந்தைக் கூட்டுங்கள், வெந்தயம் போடுங்கள், அவல் சேருங்கள், உப்பை முன்னால் போடுங்கள், உப்பைப் பின்னால் போடுங்கள், கையால் கலக்குங்கள், கடையில் மாவு வாங்கிக்கொள்ளுங்கள்.

டொரொன்டோவில் இருக்கும் ஒரு அம்மா மட்டும் பதில் சொல்லவில்லை. என்னிடமே நான்கு கேள்வி கேட்டார். கிரைண்டரா, மிக்ஸியா? எந்தத் தண்ணீர் ஊற்றி அரைக்கிறீர்கள்? அரைத்த மாவைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதா? பாத்திரத்தை எதன் மேல் வைக்கிறீர்கள்? மிக்ஸி சூடாகிறதே என்று நான் பிரிட்ஜ் தண்ணீர் ஊற்றி அரைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஜில்லென்ற மாவை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றிக் கருங்கல் மேடையில் வைத்துக்கொண்டிருந்தேன். மாவைப் பொங்க வைப்பவை லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டும். அவற்றிற்கு 30 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பு வேண்டும். பச்சைத் தண்ணீரில் அரைத்து, பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி, அரிசி டிரம் மேல் வையுங்கள் என்றார். மறுநாள் காலை மாவு வழிந்து போர்வையை நனைத்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாகப் போர்வை துவைத்தவன் வேறு யாரும் இருக்க மாட்டான்.

மற்றவர்கள் சொன்னவையும் தவறில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டில் பலித்த யோசனைதான். ஆனால் அவர்கள் தங்கள் வீட்டுக்குச் சொன்னார்கள். டொரொன்டோ அம்மா என் வீட்டுக்குச் சொன்னார். அந்த வித்தியாசத்தை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. தவறான யோசனையைக் கேட்டிருந்தாலும் எனக்கு என்ன நஷ்டம்? ஒரு கிலோ மாவு.

இனி அம்மாவின் கதைக்கு வருவோம்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. கூடவே பிரஷர். பிரஷருக்கு டெல்மிசார்டான் மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரையால் சிறுநீரகமும் சற்றுப் பழுதாகியிருக்கிறது, கிரியாட்டினின் 1.7. உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. கருவாடும் ஊறுகாயும் இருக்கும் வீட்டில் அது காலை சாப்பாட்டுக்கே போதாது.

2025 மார்ச்சில் அம்மா ஒரு பெரிய குழுவில் கேட்டார். அவர் டைப் செய்த கேள்வி இவ்வளவுதான்: "பிரஷர் இருக்கு. உப்பு குறைக்க முடியல. வேற என்ன செய்யலாம்?" சர்க்கரை என்று எழுதவில்லை. மாத்திரையின் பெயர் எழுதவில்லை. சிறுநீரகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. ஒருவர்கூட அதையெல்லாம் கேட்கவில்லை.

பாதிப் பேர் இந்துப்பு என்றார்கள். இந்துப்பில் சோடியமே கிடையாது, அது முழுக்கப் பொட்டாசியம் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். இது தவறு. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், எங்கள் ஊருக்குத் தெற்கே வேதாரண்யத்தில் பாத்தி கட்டி எடுக்கும் உப்பைப் போலவே. மற்ற தாதுக்கள் மிகக் கொஞ்சம். பாக்கெட் உப்பில் சேர்க்கும் அயோடின் பெரும்பாலும் அதில் இருக்காது. 1930-ல் ராஜாஜி உப்புக்காகவே நடந்து வந்த கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, உப்பு என்றால் என்ன என்று யாரோ சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இன்னும் சிலர் "சோடியம் குறைந்த உப்பு" வாங்குங்கள் என்று லிங்க் கொடுத்தார்கள். இதில் சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். இன்னொருவர் தினம் ஒரு இளநீர் குடித்தால் பிரஷர் இறங்கும் என்றார். எங்கள் ஊரில் இளநீருக்கா பஞ்சம்? அம்மா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். உப்பையும் மாற்றினார், இளநீரும் குடித்தார்.

ஆறு வாரம் கழித்துக் கால் தளர்ச்சியாக இருக்கிறது என்றார். வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு நாகப்பட்டினம் போனபோது பொட்டாசியம் 6.2 என்று வந்தது. இருக்க வேண்டியது 3.5-லிருந்து 5 வரை. 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன்பு கேட்டது, "வீட்ல உப்பு ஏதும் மாத்தினீங்களாம்மா?" அடுத்தது, "இளநீர் குடிக்கிறீங்களா?" அன்றைக்கே தஞ்சாவூருக்கு அனுப்பினார். இரண்டு நாள் இ.சி.ஜி. மானிட்டரோடு படுத்திருந்தார். நான் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது பொட்டாசியம் இறங்கிவிட்டது. அம்மா என்னைப் பார்த்ததும் சொன்னது, "எல்லாரும் நல்லதுன்னுதானே தம்பி சொன்னாங்க."

உண்மையிலேயே நல்லதுதான். அதுதான் இந்த விஷயத்தில் எனக்கு உறுத்துவது. அம்மா கேட்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 2025 ஜனவரியில், உலக சுகாதார நிறுவனமே பொட்டாசியம் கலந்த உப்பைப் பரிந்துரைத்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சாதாரண உப்பை விட்டு அதற்கு மாறினால் பலருக்குப் பிரஷர் குறையும். ஆனால் அதே வழிகாட்டுதல் கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கியும் வைத்திருக்கிறது. கெட்டுப்போன சிறுநீரகத்தால் கூடுதல் பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியாது. டெல்மிசார்டான் வகை மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும். அம்மாவுக்கு இரண்டும் இருந்தது. லிங்க் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. கேட்டவர் யார் என்று கேட்காமல் சொன்னார். அம்மாவும் தான் யார் என்று சொல்லாமல் கேட்டார்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்லூரி சேரவிருந்த ஒரு 17 வயது மாணவர் இறந்துபோனார். உடல் எடையைக் குறைக்க, யூடியூபில் பார்த்த யோசனைப்படி சுமார் மூன்று மாதம் பழச்சாறு மட்டுமே குடித்து வந்தார் என்று குடும்பத்தினர் சொன்னதாகச் செய்தித்தாள்கள் எழுதின. வீடியோ ஆயிரக்கணக்கானவர்களுக்காக எடுக்கப்படுகிறது. பார்ப்பவரின் வயது என்ன, எத்தனை நாளாக இப்படிச் செய்கிறார் என்று அதனால் கேட்க முடியாது.

அழகுக் குறிப்புகளும் இதே கதைதான். 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில் இருக்கும் மருத்துவர்கள் அபூர்வமான ஒரு சிறுநீரக நோயோடு அடுத்தடுத்து ஆட்கள் வருவதைக் கவனித்தார்கள். விசாரித்துக்கொண்டே போனபோது, பலரும் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. கிரீமில் பாதரசம் இருந்தது. சிறுநீரக நோயாளியிடம் "முகத்தில் என்ன பூசுகிறீர்கள்?" என்று கேட்கத் தோன்றியதே, அதுதான் மருத்துவம்.

இப்போது பலர் குழுவையும் விட்டுவிட்டுச் செயற்கை நுண்ணறிவு சாட் புரோகிராமிடமே கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சம்பவம் வெளியானது. இதுவும் உப்பு விவகாரம்தான். 60 வயதுக்காரர் ஒருவர் உணவிலிருந்து குளோரைடையே நீக்க வேண்டும் என்று முடிவு செய்து, சாட்ஜிபிடியிடம் ஆலோசித்துவிட்டு, மூன்று மாதம் சோடியம் குளோரைடுக்குப் பதிலாகச் சோடியம் புரோமைடைச் சாப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைக்கிறார் என்ற சந்தேகத்தோடு மருத்துவமனைக்கு வந்தார். புரோமைடு விஷமேறி மனம் குழம்பியிருந்தது. அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்ற பதிவு மருத்துவர்களிடம் இல்லை. அவர்களே அந்தப் புரோகிராமின் பழைய பதிப்பு ஒன்றிடம் குளோரைடுக்கு மாற்று என்ன என்று கேட்டுப் பார்த்தபோது பதிலில் புரோமைடும் இருந்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அது திருப்பிக் கேட்கவில்லை, மருத்துவராக இருந்தால் கேட்டிருப்பார் என்று எழுதியிருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் இன்டர்நெட்டில் யோசனையே கேட்கக் கூடாதா? என் நண்பர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டாக்டர் நமக்கு ஒதுக்குவது மூன்று நிமிடம். இன்சுலின் பேனாவை வெயிலில் பஸ் பயணத்தில் எப்படிக் குளிர்ச்சியாகக் கொண்டு போவது, கைக்குழந்தை ராத்திரி இரண்டு மணிக்கு ஏன் அழுகிறது, ஸ்வெட்டர் பின்னும்போது கண்ணி நழுவினால் எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் செய்து பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும். முன்பு கூட்டுக் குடும்பத்தில் அத்தையும் பாட்டியும் சொன்னார்கள். 2000-களில் அறுசுவை டாட் காம் போன்ற தமிழ்த் தளங்களில், துபாயிலும் நியூஜெர்சியிலும் தனியாக இருந்த பெண்கள் சமையலில் தொடங்கிக் கர்ப்பகாலச் சந்தேகம், கைவேலை வரை ஒருவருக்கொருவர் கேட்டுச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது பெரிய துணை.

ஆகவே கேளுங்கள். ஆனால் கீபோர்டில் கை வைப்பதற்கு முன்பு, இந்த யோசனை தவறாகப் போனால் கெடுவது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாவு, செடி, துணி, நூல் என்றால் தாராளமாகக் கேட்டுச் சோதித்துப் பார்க்கலாம். வாய்க்குள் போவது, தினமும் தோலில் பூசுவது, மாத்திரையோடு சேர்வது என்றால், குழுவில் கிடைப்பதை டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். உப்பை மாற்றலாமா என்று அம்மா ஒரு போன் செய்திருந்தால் போதும். டாக்டர் கிடைக்காவிட்டால் தமிழக அரசின் 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

கேட்கும்போது உங்களைப் பற்றிச் சொல்லிக் கேளுங்கள். வயது, இருக்கும் நோய், சாப்பிடும் மாத்திரை, ஊரின் தட்பவெப்பம், இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று நான்கு வரி அதிகமாக டைப் செய்யச் சோம்பல்படாதீர்கள். அதற்காக மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அப்படியே போட்டுவிட வேண்டாம். அதில் உங்கள் பெயர், போன் நம்பர், மருத்துவமனை எண் எல்லாம் இருக்கும்.

பதில் வந்ததும் எழுதியவர் பெயர் மீது கிளிக் செய்து, அவர் முன்பு எழுதியவற்றைப் பாருங்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே பொடியைச் சிபாரிசு செய்து "இன்பாக்ஸுக்கு வாங்க" என்று கூப்பிடுபவர் வியாபாரி. தேதியையும் பாருங்கள். லைக் எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம். லைக் போட்டவர்களில் எத்தனை பேர் அதைச் செய்து பார்த்தவர்கள்?

பொழுதுபோக்கு விஷயத்தில் நான் பட்ட ஒரு சின்ன அனுபவம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமராவை வேளாங்கண்ணி வீட்டு பீரோவில் தோல் பையோடு வைத்துவிட்டுப் போயிருந்தேன். நான்கு மாதம் கழித்து எடுத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. போட்டோகிராபிக் குழுவில் கேட்டதற்கு, டெல்லிக்காரர்கள் தோல் பையே போதுமே என்று ஆச்சரியப்பட்டார்கள். ஒருவர் அரிசி டப்பாவில் போட்டு வைக்கச் சொன்னார். நெல் விளையும் ஜில்லாக்காரனுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, தவிடும் தூசியும் உள்ளே போகும். நனைந்த ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-ல் சொல்லிவிட்டது. கடைசியில் கொச்சிக்காரர் ஒருவர், "உங்கள் வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். அரை கிலோமீட்டர் என்றேன். தோல் பையே ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சை வளர்க்கும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் வைத்து, 40-50 சதவீதத்தில் வைத்திருங்கள் என்றார். மொத்தச் செலவு எட்டு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. டெல்லிக்காரர்களிடம் கோபம் இல்லை. அவர்கள் ஊர்க் காற்றில் எங்கள் ஊர்க் கடல் இல்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. உலகத்தையே கேட்க முடிகிறது என்பதால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க மறந்துவிடுகிறோம். 2018-ல் மீனில் பார்மலின் கலக்கிறார்கள் என்று தமிழ்நாடு முழுவதும் பயம் பரவியபோது, எங்கள் தெருவில்கூட அமெரிக்காவிலிருந்து வந்த வாட்ஸ்ஆப் குறிப்புகளைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். சுமார் 12 கிலோமீட்டரில் நாகப்பட்டினத்தில், 2012-ல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மீனை அங்கே ஆராய்ச்சியே செய்கிறார்கள். மாடித்தோட்டத்தில் உப்புக் காற்றுக்குக் கருகும் செடிக்கு என்ன செய்வது என்பதைச் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் நேரிலேயே கேட்கலாம். சிக்கலுக்குப் பஸ்ஸிலேயே போய்விடலாம். அவர்கள் நம் மண்ணைத் தொட்டுப் பார்த்தவர்கள்.

நல்ல பதில் கிடைத்தால் அதை நோட்பேடில் காப்பி செய்து, தேதியோடு சேவ் செய்து வையுங்கள். 2020 டிசம்பரில் யாஹூ குரூப்ஸ் மூடப்பட்டது, 2021 மே மாதம் யாஹூ ஆன்சர்ஸ் மூடப்பட்டது. பல வருடக் கேள்வி பதில்கள் போன இடம் தெரியவில்லை. டொரொன்டோ அம்மாவின் இட்லிக் குறிப்பு என்னிடம் இன்னமும் ஒரு பைலாக இருக்கிறது.

எனக்குப் பெரிய குறை குழுக்களை நடத்துபவர்கள் மீதுதான். "காலை வணக்கம் போடக் கூடாது, அரசியல் பேசக் கூடாது" என்று விதி எழுதிவைக்கிறார்கள். உடம்பு பற்றிக் கேள்வி வந்தால் வயதும் நோயும் மாத்திரையும் இல்லாமல் பதில் போடக் கூடாது என்று ஏன் ஒரு விதி எழுதக் கூடாது? நானே அம்மாவின் குழு அட்மினுக்கு எழுதினேன். கும்பிடு போடும் ஸ்மைலி ஒன்று பதிலாக வந்தது.

அம்மா தஞ்சாவூரிலிருந்து திரும்பிய பிறகு, நடந்ததை அதே குழுவில் எழுதினார். மாத்திரையின் பெயர், சிறுநீரகம், பொட்டாசியம் 6.2 எல்லாம் போட்டிருந்தார். அதற்கு ஒன்பது லைக். உப்பைப் பற்றிய பழைய யோசனைக்கு நானூறுக்கும் மேல். போன வாரம் நான் ஊரில் இருந்தபோது அந்தப் பழைய யோசனையே வேறு யாரோ போட்டு மறுபடி வந்திருந்தது. கீழே ஒரு பெண், "என் மாமியாருக்கு வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அப்பா பில் போட வேண்டும் என்று காத்திருந்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. ஒரு விரலால் தேடித் தேடி, "அவங்க என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? கிட்னி டெஸ்ட் எடுத்திருக்கா?" என்று டைப் செய்துவிட்டு, "ட்-டும் டா-வும் சேர்த்துப் பொட்டாசியம் எப்படிப்பா அடிக்கிறது?" என்று என்னைக் கூப்பிட்டார்.